பேச்சாற்றல் யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேச்சுப்போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் தமிழாசிரியை நான். ‘சொல்வன்மை கொண்ட நல்ல மனிதனே பேச்சாளன்’ என்று ரோமின் கேட்டோ சொன்னதாகப் படித்தேன். ஆனால் பேசிப் பேசியே ஊரை ஏமாற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோமே! அந்த வரி வெறும் ஆசைதானா? நான் சொல்லிக்கொடுப்பதும் நாளை அப்படி ஒருவனுக்குத்தான் உதவுமோ என்று பயமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

கேட்டோவின் அந்த வரியை எடுத்து விரிவாக வாதிட்டவர் குவிண்டிலியன். இன்றைய ஸ்பெயினில் பிறந்து, ரோமில் 20 ஆண்டுகள் பேச்சுக்கலை கற்பித்தவர். அரசுச் சம்பளம் பெற்ற ஆசிரியர். பொ.யு. 95 வாக்கில் அவர் எழுதி முடித்த ‘இன்ஸ்டிட்யூஷியோ ஒராடோரியா’ (பேச்சாளனின் கல்வி) என்ற நூலுக்கு 12 பாகங்கள். கடைசிப் பாகத்தில்தான் இந்த விவாதம் வருகிறது.

தீயவனால் பெரிய பேச்சாளனாகவே முடியாது என்கிறார். பேராசையும் வஞ்சமும் அலைக்கழிக்கும் மனம் படிப்பில் ஊன்றாது என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. இதை நான் ஏற்கவில்லை. நீங்கள் பார்க்கும் ஆட்களே அதற்கு மறுப்பு. ஆனால் அதே பகுதியின் தொடக்கத்தில் இன்னொன்று சொல்கிறார்: இந்த ஆயுதத்தைப் போர்வீரனுக்கு அல்லாமல் கொள்ளைக்காரனுக்குச் செய்து கொடுத்தால், மனித குலத்துக்குப் பெருந்தீங்கு செய்தவர்கள் நாங்களே ஆவோம். ‘நாங்கள்’ என்று அவர் சொல்வது கற்பிப்பவர்களை. உங்களுடைய பயம் அவருக்கும் இருந்திருக்கிறது.

அதனால் நீங்கள் இரண்டாம் பாகத்தை முதலில் படியுங்கள். ஒரு மாணவன் பேசும்போது மற்றவர்கள் வரிக்கு வரி எழுந்து கைதட்டி ஆர்ப்பரிப்பது அன்றைய வகுப்புகளின் வழக்கம். குவிண்டிலியன் அதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். பாராட்டு இப்படிக் கடன் கொடுத்து வாங்குவதாக ஆகிவிட்டால், பையன் உழைப்பதை விட்டுவிடுவான். ஆசிரியர் மெச்சாதபோது அவர்மேலேயே வெறுப்பு வரும். பேசுகிறவனும் கேட்கிறவர்களும் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கட்டும் என்கிறார். சொல் அலங்காரத்தில் எல்லை மீறும் சிறுவனை அவர் அதட்டுவதில்லை. ‘இப்போதைக்கு இது எனக்குப் பிடித்திருக்கிறது, பிறகு ஒருநாள் இதை அனுமதிக்கமாட்டேன்’ என்பாராம். அடிப்பதை அவர் அடியோடு எதிர்த்தார்; அடி, அடிமைகளுக்கு உரியது என்பது அவர் எண்ணம். அந்தக் காரணம் இன்று நமக்கு உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும்.

அவரிடமும் ஒரு சறுக்கல் உண்டு. கொடுங்கோலன் என்று பெயரெடுத்த ரோமப் பேரரசன் டொமிஷியன் தன் சகோதரியின் பேரன்களை அவரிடம் படிக்க ஒப்படைத்தான். அந்த மன்னனை அவர் கவிஞனாகக்கூட வானளாவப் புகழ்ந்திருக்கிறார். படிக்கும்போது மனம் கசக்கிறது. ஆனாலும் வகுப்பறையைப் பற்றி அவர் எழுதியது எதையும் அதற்காக நான் தள்ளமாட்டேன்.

இன்னொன்று. போட்டியில் தான் நம்பாத அணிக்குப் பேச நேரும் மாணவனை நினைத்துச் சங்கடப்படாதீர்கள். எதிர்த்தரப்பை வாதிட்டுப் பார்ப்பதை குவிண்டிலியனே ஆதரிக்கிறார். தீமையோடு ஒப்பிட்டால்தான் நன்மை துலங்கும் என்பது அவர் கருத்து. பேசி முடித்ததும் அந்த மாணவனைத் தனியே அழைத்து, ‘நீ உண்மையில் என்ன நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள்.