“உங்க லேப்டாப்தான் ஸ்லோ” என்கிறது நெட் கம்பெனி

கேள்வி: சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப்தான் என் முதல் கம்ப்யூட்டர். இப்போதுதான் மவுஸ் கைக்குப் பழகுகிறது. ஒரு தனியார் பிராட்பேண்டு இணைப்பு எடுத்தேன். ‘100 எம்பிபிஎஸ், அன்லிமிடெட்’ என்று சொல்லி ஆறு மாதப் பணத்தையும் ரவுட்டருக்கு 1,500 ரூபாய் டெபாசிட்டும் வாங்கினார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து சாயங்காலமானால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. கேட்டால், “லேப்டாப்தான் ஸ்லோ, பெரிய பிளான் போடுங்கம்மா” என்கிறார்கள். இணைப்பே வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பாதாம். இணைப்பு கொடுக்க வந்த பையன், தூரத்திலிருந்தே லேப்டாப்பை இயக்கும் ஒரு ஆப்பையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கேஸ் போடலாமா?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்த ஆப்பை முதலில் முடித்துவிடுவோம். நெட் வருவதற்கு அது தேவையே இல்லை. மகளிடம் சொல்லி அதை அழித்துவிட்டு மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கணக்கில் பணம் குறைந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள் பாயும்தான். ஆனால் “அம்மாகிட்ட கேட்டுத்தான் போட்டேன்” என்று அவன் சொல்லிவிட்டால் புகார் அங்கேயே படுத்துவிடும். எதுவும் பறிபோகாதவரை இதற்காக ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம்.

உங்கள் உண்மையான வழக்கு வேகமும் பணமும்தான். லேப்டாப் புதிது என்று நீங்கள் தயங்குவதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அங்கேயும் இதையே சொல்வார்கள்: சுவருக்கு அந்தப் பக்கம் வைஃபை எட்டவில்லை, விண்டோஸ் பின்னால் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தது, மெமரி போதாது. இதில் பாதி பல வீடுகளில் உண்மையும்கூட. அதனால் ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி, வேறு எதுவும் ஓடாமல், காலையில் ஒன்று, இரவு எட்டு மணி வாக்கில் ஒன்று என ஒரு வாரம் ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் வேகத்தை அளந்து பாருங்கள். (ஒல்லியான லேப்டாப்களில் அந்த ஓட்டை இருக்காது; யுஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டும்.) கீழ் மூலையில் தேதியும் மணியும் தெரிய முழுத் திரையையும் படம் எடுங்கள். அதே கேபிளில் காலையில் 95 எம்பிபிஎஸ், இரவில் 6 என்று வந்தால், குறை லேப்டாப்பில் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

‘அன்லிமிடெட்’டுக்கும் அடியில் ஒரு அளவு ஒளிந்திருக்கும். அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். அப்படி வரம்பு இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும், அதில் 50 சதவீதமும் 90 சதவீதமும் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2016-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் போனில் அப்படி எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அட்வான்ஸ் திரும்பாது என்ற நிபந்தனையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தாக்க ஆசை வரும். வேண்டாம். அந்த வழக்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) போதும். சேவையில் குறை இருந்தும் அதை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது அதன்படி முறையற்ற வணிகம். தூத்துக்குடி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கம்பெனியின் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடம் போதும். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை (என் தொழிலுக்கு இது நல்ல செய்தி இல்லை). இரண்டு வருடம் அவகாசம். “டெலிகாம் விவகாரம், இங்கே வராது” என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். வோடபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது.

அதற்கு முன் கம்பெனியில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பதில் சரியில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய்க்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. அப்புறம் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ்: இன்ன தேதியோடு இணைப்பு வேண்டாம், மீதி மாதப் பணமும் டெபாசிட்டும் வேண்டும். தமிழிலேயே எழுதலாம். இணைப்பை முடித்த 45 நாளுக்குள் டெபாசிட் வர வேண்டும்.

ரவுட்டரை வாங்கிப்போக ஆள் வந்தால், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிய பிறகே கொடுங்கள். “ரவுட்டரே திரும்பி வரவில்லை” என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடப்பது.