மகள் கேட்பது ஒயின் படிப்பு. அதில் பாதி மண்

"குடியைப் போய் யாராவது படிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. தயக்கம் புரிகிறது. ஆனால் பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்: மண்ணியல், பயிர் நோயியல், நுண்ணுயிரியல், வேதியியல். ஜெர்மனியின் கைசன்ஹைமில் 1872 முதல் திராட்சை வளர்ப்பையும் பழ வளர்ப்பையும் கற்பிக்கும் ஒரு கல்விக்கூடம் இருக்கிறது. சுவைத்துப் பார்க்கும் வகுப்பும் உண்டுதான். அங்கே யாரும் விழுங்குவதில்லை, வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள்.

உங்கள் மகளிடம் இதில் என்ன பிடித்தது என்று கேட்டேன். "மண்" என்றாள். சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறாள். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையின் செங்குத்துச் சரிவுகளில் ஸ்லேட் கல் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுகிறது. அதனால் அந்தக் குளிரிலும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை பழுக்கிறது. பிரான்சின் மெடாக்கில் சரளை நிலம் மழைநீரை நிற்க விடாது. கேபர்னே சோவிஞோன் என்ற கருந்திராட்சைக்கு அது ஒத்துப்போகிறது. அதே நாட்டின் ஷப்லியில், சுண்ணாம்பு மண்ணிலும் குளிரிலும் விளைந்த ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் புளிப்பும் கூர்மையுமாக இருக்கும். வெயில் மிகுந்த ஊரில் அதே ரகத்தில் கனிந்த பழவாசம் தூக்கும். கொழுத்த மண் கிடைத்தால் கொடி இலையாகத் தழைத்துவிடும், பழம் சப்பென்றாகிவிடும். கல்லின் ருசியே கோப்பையில் இறங்குகிறது என்பதெல்லாம், என் கணக்கில், விற்பனைப் பேச்சு. மண் வேலை செய்வது பெரும்பாலும் தண்ணீர் வழியாகவும் வெப்பம் வழியாகவும்தான்.

வாழ்க்கை எப்படி? சொகுசு இல்லை. குளிர்காலம் முழுக்கக் கவாத்து. விரல் விறைக்க ஒவ்வொரு கொடியின் முன்னும் குனிந்து, எந்தக் கிளையை வெட்டுவது, எத்தனை கணு விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். தவறாக வெட்டினால் அடுத்த விளைச்சலில் தெரியும். அறுவடை நேரத்தில் தொட்டி கழுவுவதே பாதி வேலை. நொதிக்கும் தொட்டிக்குள் கரியமில வாயு தேங்கும், அசட்டையாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

சொந்தத் தோட்டம் இப்போதைக்கு வேண்டாம். நட்ட கொடி ஒழுங்காகக் காய்க்கவே சுமார் 3 ஆண்டு ஆகும், அதுவரை செலவு மட்டுமே. முதலில் சம்பள வேலை. வட கோளத்தில் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. தென் கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இளைஞர்கள் பலர் ஒரே ஆண்டில் இரண்டிலும் வேலை பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் அவளை ஏதாவது ஒரு தோட்டத்துக்கு அனுப்புங்கள். அறுவடைக்கு அல்ல, அது திருவிழா மாதிரி, யாருக்கும் பிடிக்கும். கவாத்துக்கு அனுப்புங்கள். திரும்பி வந்து கைவலியைப் பற்றிப் பேசுகிறாளா, கொடியைப் பற்றிப் பேசுகிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அப்புறம் எடுக்கலாம்.