போனில் வரும் ‘டாக்டர்’ பட்டம் செல்லுமா?

கேள்வி: என் அப்பா பல வருடங்களாக ரத்ததான முகாம்கள் நடத்துகிறார். சென்ற மாதம் ஒரு ‘சர்வதேச’ அமைப்பிலிருந்து போன் செய்து, அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கத் தேர்வுக்குழு முடிவு செய்திருப்பதாகச் சொன்னார்கள். பதிவுக் கட்டணம் 35,000 ரூபாய். விழா நட்சத்திர ஓட்டலில். அப்பா 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார். வாசல் பலகையிலும் ஆதாரிலும் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். பின்னால் சிக்கல் வருமா? — வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: முதலில் மீதி 25,000 ரூபாயை அனுப்பாமல் தடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் அப்பாவின் சேவையில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுக்க வருகிறவர்கள் யார் என்பதுதான் கேள்வி. நம் நாட்டில் பட்டம் வழங்கும் உரிமை சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனத்துக்கும்தான் உண்டு. பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம் 1956, பிரிவு 22 இதைத்தான் சொல்கிறது. கௌரவப் பட்டமும் பட்டம்தான். அறக்கட்டளை, கவுன்சில், அகாடமி என்று எந்தப் பெயரில் வந்தாலும் அவர்கள் தருவது வெறும் காகிதம்.

உண்மையான கௌரவப் பட்டம் போனில் வராது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பெயரை முன்மொழிவார்கள், சிண்டிகேட் போன்ற அவை ஒப்புக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் கோப்பு வேந்தர் வரை போகும். பிறகு பட்டமளிப்பு விழாவில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் அங்கி வாடகைகூடக் கட்ட வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், விழாச் செலவு, நன்கொடை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வியாபாரம்.

இந்தத் தரகர்கள் ஆள் பிடிக்கும் விதம் எனக்கு அத்துபடி. ஊரில் நாலு பேருக்கு நல்லது செய்து, செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் படம் வந்தவராகப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவருக்குப் பணத்தாசை இருக்காது, அங்கீகாரம் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் கொஞ்சம் இருக்கும். அதில்தான் கை வைக்கிறார்கள். ‘உங்களோடு கூட வாங்குபவர் ஒரு கலெக்டர்’ என்பார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சிறப்பு விருந்தினர் என்று அழைப்பிதழில் இருக்கும்; அவருக்கே அந்த விஷயம் தெரியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

அவர்கள் அனுப்பிய பி.டி.எஃப். உங்களிடம் இருக்குமே, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் வரிசையாக முத்திரைகள் இருக்கும். ‘அரசுப் பதிவு பெற்றது’ என்றிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்திருப்பார்கள். அதை நீங்களும் நானும்கூடச் செய்யலாம். உத்யம் எண் இருந்தால் அது சிறுதொழில் பதிவு. ஐ.எஸ்.ஓ. என்பது நிர்வாக முறைக்கான தரச்சான்று. இத்தனையும் சேர்ந்தாலும் பட்டம் கொடுக்கும் உரிமை வராது. நான்முகச் சிங்கம் அச்சாகியிருந்தால் அதை மட்டும் தனியாகப் படமெடுத்து வையுங்கள். அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தினால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

போலிப் பட்டம் கொடுத்தால் என்ன தண்டனை தெரியுமா? மானியக்குழுச் சட்டம் பிரிவு 24: அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். ஒரு ஆளிடம் 35,000 வாங்குகிறவனுக்கு 1,000 ரூபாய் எம்மாத்திரம்? போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை மானியக்குழு அவ்வப்போது வெளியிடுகிறது, அதோடு சரி. 2023இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்திச் சினிமாக்காரர்களுக்குக் ‘கௌரவ டாக்டர்’ கொடுத்தது. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது. ஆகவே விழா எந்த வளாகத்தில் நடக்கிறது என்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

‘தலைவர்கள் எல்லாம் டாக்டர் போட்டுக்கொண்டார்களே’ என்று அப்பா கேட்பார். கலைஞருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் சென்னைப் பல்கலைக்கழகமும் கொடுத்தன. அவை முறையான பல்கலைக்கழகங்கள், அதனால் அந்தப் பட்டங்கள் செல்லும். அப்படிச் செல்லுகிற கௌரவப் பட்டத்தையே பெயருக்கு முன்னால் போடாமல், பின்னால் ‘கௌரவம்’ என்ற குறிப்போடு எழுதுவதுதான் கல்வி உலகின் மரபு. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அந்த மரபுக்கு இடமில்லை, அது வேறு விஷயம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 18, அரசு யாருக்கும் பட்டங்கள் தரக்கூடாது என்கிறது. ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் மட்டும் விலக்கு. இந்த விலக்கைக் காட்டி ‘எங்கள் பட்டத்துக்கு அரசியலமைப்பே அனுமதி தருகிறது’ என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். அது அரசுக்கான விலக்கு, அறக்கட்டளைக்கு அல்ல. பத்ம விருதைப் பெயரோடு சேர்த்து எழுதக்கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் இதில் போட்டுக் குழப்புவார்கள். அது தேசிய விருதுகளைப் பற்றியது. உங்கள் அப்பாவின் கதையில் அதற்கு வேலையே இல்லை.

ஆதாரில் டாக்டர், மேஜர் போன்ற எந்த அடைமொழியும் ஏற்க மாட்டார்கள். வாசல் பலகை? இப்படி ஒரு பட்டத்தை வாங்கியதற்காக மட்டும் மானியக்குழுச் சட்டத்தில் அப்பாமீது வழக்கு வராது; அது கொடுப்பவரைத்தான் பிடிக்கும். ஆனால் அதைக் காட்டிப் பதவியோ பணமோ வாங்கினால் மோசடி. ரத்ததானம் நடத்துகிறவர் வீட்டில் ‘டாக்டர்’ பலகை தொங்கினால், யாராவது மாத்திரை கேட்டு வந்து நிற்பார்கள். எழுத வேண்டாம்.

கொடுத்த 10,000 பற்றி: வங்கிப் பரிமாற்ற எண், வாட்ஸ்அப் உரையாடல், அந்த பி.டி.எஃப். எதையும் அழிக்காதீர்கள். இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். நாளாக நாளாகப் பணம் கைமாறிப் போய்விடும். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். ஏமாற்றுதலுக்கு நாம் பழகிய 420 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. ‘விரும்பித்தானே கொடுத்தீர்கள், போய் அவரிடமே கேளுங்கள்’ என்று ஏட்டய்யா அனுப்பிவைக்கப் பார்ப்பார். மனு ஏற்பு ரசீதை, அதாவது சி.எஸ்.ஆர். நகலை, கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.