கண்மாய் ஓரத்துக் களிமண் மனையில் உடனே வீடு கட்டலாமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகன், பழைய சர்ரே கப்பல்துறை இருந்த பகுதியில் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறான். அங்கே சேற்று நிலத்தில் ஓர் ஊரையே கட்டியிருக்கிறார்கள். கண்மாய்க்கரையை ஒட்டி நான் வாங்கியுள்ள களிமண் மனையில் ஆறடி உயரத்துக்குக் கிராவல் அடித்து, உடனே வேலையைத் தொடங்கலாம் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?
– வாசகர், மதுரை

பதில்: உடனே தொடங்க வேண்டாம். ஆறடிக் கிராவல், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன் சுமையை அடியிலுள்ள களிமண்ணின் மேல் ஏற்றுகிறது. தரைத்தளம் மட்டும் கொண்ட வீட்டின் எடையை மனை முழுவதும் பரப்பிக் கணக்கிட்டால், அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். ஆகவே, நிலத்தை முதலில் அமுக்கப்போவது உங்கள் வீடன்று, நீங்கள் கொட்டும் மண்ணே. ரோலர் ஓட்டினால் கிராவல் இறுகும். கீழே இருக்கும் ஈரக் களிமண், தன் துளைகளில் உள்ள நீரை வெளியேற்றினால்தான் இறுகும். அந்த நீர் கசியும் வேகம் மிகக் குறைவு என்பதால், கனத்த களிமண் படுகை பல ஆண்டுகள் தாழ்ந்துகொண்டே இருக்கும்.

சர்ரே கப்பல்துறையின் நீர்த்தேக்கங்களில் பெரும்பகுதி மண் கொட்டி நிரப்பப்பட்டது. 1981 முதல் 1998 வரை இயங்கிய லண்டன் கப்பல்துறை வளர்ச்சிக் கழகத்தின் காலத்தில் அங்கே குடியிருப்புகள் பெருகின. தேம்ஸ் ஆற்றோரத்தில் மென்களிமண்ணுக்கும் மட்கிய தாவரப் படுகைக்கும் கீழே உறுதியான சரளை இருப்பதால், கனமான கட்டடங்களை அதுவரை இறக்கிய பைல்களின் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்களின்) மேல் நிறுத்த முடிகிறது. ஆனால் பைல் போட்டாலும் கவலை முற்றிலும் தீராது. சுற்றியுள்ள மண் தாழும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும் என்பதால், அந்த இழுவையையும் கணக்கில் சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

பெரிய மனைப்பிரிவுகளுக்கு வேறொரு முறை உண்டு. சுமார் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள, வடிதுணி சுற்றிய பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்பதுபோல் நெருக்கமாகக் களிமண்ணுக்குள் செங்குத்தாக இறக்கி, மேலே மணல் பரப்பி, அதன்மேல் வீட்டின் எடையைவிடக் கூடுதலாக மண்ணைக் குவித்துவைப்பார்கள். களிமண்ணில் உள்ள நீர் அருகிலுள்ள பட்டையை அடைந்து அதன் வழியே வெளியேறும். அப்படி அது கடக்கும் தொலைவு பாதியானால் காலம் கால்பங்காகிவிடும். எனவே ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது மாதக்கணக்கில் முடிகிறது. தாழ்வு நின்றதை அளந்து பார்த்த பிறகே மிகுதி மண்ணை அள்ளுவார்கள். ஐந்து சென்ட் மனைக்கு இந்தச் செலவு கட்டாது.

உங்கள் முதல் செலவு மண் பரிசோதனையாக இருக்கட்டும். 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். களிமண்ணில் நான்குக்கும் குறைவாக வந்தால் அது மென்மண். கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசலாக இருந்தால், சுமையேற்றுவது அதற்கு மருந்தாகாது. அடியில் குமிழ் வைத்த பைல்தான் நம் நாட்டில் பழகிய வழி. கிராவல் அடிப்பதானால் இப்போதே அடித்து, குறைந்தது ஒரு மழைக்காலம் விட்டு, மட்டம் தாழ்கிறதா என்று மாதந்தோறும் அளந்து பொறியாளரிடம் காட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, கிராம நிர்வாக அலுவலகத்தில், நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலம் நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், எந்த அஸ்திவாரமும் உங்களுக்கு உதவாது.