ஊரில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். நிதி, ஃபெல்லோஷிப், பயிற்சி எல்லாம் எங்கே கிடைக்கும்?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை நேர மையம் நடத்துகிறீர்கள், மாதம் எட்டாயிரம் கைக்காசு போகிறது, இனி தாங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் சொன்னவர்கள் நிறுவனப் பெயர்களாக வரிசையாக அடுக்கிவிட்டார்கள். அதில் முக்கால்வாசி உங்களுக்குப் பொருந்தாது. அதை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் சாத்தூர் பக்கம் ஒரு சின்ன டிரஸ்டில் கணக்கு பார்க்கிறேன். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு எங்களுக்கும் மாலை மையங்கள் உண்டு. நான் சமூக சேவகி இல்லை, எம்.காம். படித்தவள். மேடையில் பேசுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், வவுச்சர் ஒட்டுவது நான். அதனால் பணம் சம்பந்தப்பட்டதைத்தான் சொல்லத் தெரியும்.

முதலில் ஃபெல்லோஷிப். பெயரைக் கேட்டதும் ஆசை வரும். ஆனால் அது ஆளுக்குக் கொடுக்கிற மாத உதவித்தொகை, மையத்துக்குக் கொடுக்கிற பணம் இல்லை. எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 13 மாதம். டிகிரி வேண்டும், வயது வரம்பும் உண்டு. அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிற தொண்டு நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். டீச் ஃபார் இந்தியா இரண்டு வருஷம். சென்னை மாதிரி நகரத்துப் பள்ளிகளில் முழுநேர ஆசிரியர் வேலை. காந்தி ஃபெல்லோஷிப்பும் இரண்டு வருஷம், அவர்கள் அனுப்புகிற மாவட்டத்தில். மூன்றுமே நல்ல திட்டங்கள்தான். ஆனால் நீங்கள் கிளம்பிப் போய்விட்டால் உங்கள் ஊர் மையத்தை யார் திறப்பது? நாலு பேரில் ஒருவர் போய் வேலை கற்றுக்கொண்டு திரும்பி வருவது என்று பேசி முடிவெடுத்தால் சரி.

அசோகா ஃபெல்லோஷிப் வேறு வகை. ஊரை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கே உதவித்தொகை தருவார்கள். 1980இல் அமெரிக்காவின் பில் டிரேட்டன் தொடங்கியது. அவர்களுடைய முதல் ஃபெல்லோ நம் நாட்டுக்காரர், மும்பைப் பள்ளி ஆசிரியை குளோரியா டி சோசா. ஆனால் அவர்கள் கேட்பது ஒரு புது யோசனையை, அதுவும் உங்கள் ஊரைத் தாண்டிப் பரவக்கூடியதாக. டியூஷன் மையம் அதில் வராது. வராததால் உங்கள் மையம் மட்டமாகிவிடாது. பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதில் புதுமை எதற்கு?

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஒரு திட்டத்தின் மூலமாக வடக்கேயிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்து தங்கியிருந்தாள். நல்ல பெண், இன்றும் தீபாவளிக்குப் போன் பண்ணுவாள், அவள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீடு வீடாக அவளைக் கூட்டிப்போனது, அவள் கேட்டதைத் தமிழில் கேட்டுச் சொன்னது, அம்மாமார்களிடம் பேசிப் பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கு அனுப்பவைத்தது எல்லாம் எங்கள் மையத்து அக்கா. அந்த அக்கா வாங்குகிற மதிப்பூதியத்தைப் போல் பல மடங்கு அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் வந்தது. அக்கா விண்ணப்பிக்க முடியாது. பிளஸ் டூதான் படித்திருக்கிறார், படிவமும் ஆங்கிலத்தில், நேர்காணலும் ஆங்கிலத்தில். ‘ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே’ என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஐந்து மணி வரை தீப்பெட்டி ஒட்டிவிட்டு ஆறு மணிக்கு மையம் திறக்கிறவரிடம் வந்து அதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம், டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, அப்புறம் வருமான வரித்துறையில் 12ஏ (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு) பதிவுகள். புதிதாகத் தொடங்குகிற டிரஸ்ட்டுக்குப் பொதுவாக முதலில் மூன்று வருஷத் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். அது முடியும் முன்பே வழக்கமான பதிவுக்குப் போட வேண்டும், தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டர்கள் வாயில் என்னவோ 12ஏ, 80ஜி என்றேதான் இருக்கும். அரசு மானியம் பக்கம் போவதென்றால் தொண்டு நிறுவனங்களுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்ப்பண் தளத்தின் பதிவு எண்ணும் வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

80ஜி பற்றி ஒன்று. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. ‘வரிச் சலுகை உண்டு’ என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டு அப்புறம் அண்ணன்களிடம் திட்டு வாங்காதீர்கள்.

அடுத்து எல்லோரும் சொல்கிற சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குகிற பணம். 2013 கம்பெனிச் சட்டம் 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடைசி மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது சட்டம். அதனால் மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுவதைவிடப் பக்கத்துச் சிப்காட்டில் இருக்கிற ஹெச்.ஆர். மேலாளரைப் போய்ப் பார்ப்பது மேல். ஆனால் டிரஸ்ட்டுக்கு 12ஏ, 80ஜி, மூன்று வருஷப் பணி அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாம் இருக்க வேண்டும். நேற்று பதிவு செய்துவிட்டு இன்று கேட்க முடியாது.

எங்களிடம் ஒரு கம்பெனி வந்த கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பிப்ரவரியில் வந்தார்கள். இவர்கள் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வருவார்கள், மார்ச் 31க்குள் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டுமே. வந்த தம்பிக்கு வயது இருபத்தாறு இருபத்தேழு இருக்கும், மரியாதையான பையன். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசினார். அப்புறம் என் பட்ஜெட் தாளை எடுத்தார். நூறு ஸ்கூல் பேக், டிக். டேப்லெட், டிக். மேசை, டிக். மைய ஆசிரியர் மதிப்பூதியம் என்ற வரியில் பேனா நின்றது. அதற்குக் கீழே கணக்காளர் சம்பளம். அதன் மேல் ஒரு கோடு.

“மேடம், அட்மின் அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல போகக்கூடாது. அது சட்டம்.”

“சார், அந்த அஞ்சு பர்சென்ட் உங்க கம்பெனிக்கு. எங்களுக்கு இல்ல.”

அவர் சிரித்தார். நான் ஃபைலில் இருந்த தாளை எடுத்து வைத்தேன். 2021 ஆகஸ்டில் கம்பெனி விவகார அமைச்சகம் கேள்வி பதிலாக ஒரு சுற்றறிக்கை போட்டது. நிர்வாகச் செலவு என்று 5 சதவீத வரம்பு வைத்திருப்பது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தச் செய்கிற செலவுக்கு. திட்டத்தை நடத்துகிற தொண்டு நிறுவனத்தின் செலவு அந்த வரம்பில் வராது. படிப்பு மையத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவுதான். அவர் இல்லாமல் மையம் ஏது? அந்தத் தம்பி இரண்டு தடவை படித்தார், போனில் படம் எடுத்தார், “லீகல்ல கேட்டுச் சொல்றேன் மேடம்” என்றார்.

கேட்டுச் சொன்னார். ஆசிரியர் மதிப்பூதியம் முழுதாக வந்தது. என் சம்பளமும் வந்தது, ஆனால் ‘கணக்காளர்’ என்ற பெயரில் இல்லை, ‘திட்ட ஒருங்கிணைப்பு உதவியாளர்’ என்று. நான் செய்வது அதே லெட்ஜர் வேலைதான். இன்றைக்கும் அவர்கள் ஆட்கள் விசிட் வந்தால் என்னை ஒருங்கிணைப்பாளர் மேடம் என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள்.

அப்புறம் சுவர். கம்பெனி பெயரைச் சுவரில் பெயின்ட் அடித்துத் தரச் சொன்னார்கள். மையம் நடப்பது பஞ்சாயத்தின் சமுதாயக் கூடத்தில், அந்தச் சுவரில் எழுத எங்களுக்கு ஏது உரிமை? கடைசியில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து விசிட் நாளில் கட்டிவிட்டு மறுநாள் அவிழ்த்து வைப்பது என்று முடிவானது.

ஆடிட்டில் கேட்டது ஒரு அறுபது ரூபாயைப் பற்றித்தான். பேருந்து நிலையத்தில் இறங்கிய நோட்டுக் கட்டுகளை மையத்துக்குக் கொண்டுவந்த ஆட்டோ வாடகை. பில் எங்கே என்றார்கள். ஆட்டோக்காரர் எங்கே பில் போடுவார்? எங்கள் வழக்கம், வவுச்சரில் தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எழுதி ஆட்டோ அண்ணனிடம் கையெழுத்து வாங்குவது, கீழே வண்டி எண். அதைக் காட்டியதும் ஆடிட்டர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள்.

சி.எஸ்.ஆர். ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுப்பவர்களுக்குப் பொருள் வாங்கித் தருவது பிடிக்கிறது, ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது பிடிப்பதில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன். பேக் ஒரு வருஷத்தில் கிழியும். ஆசிரியர் நின்றுவிட்டால் மறுநாளே மையம் இல்லை. அதனால் உங்கள் ப்ரொபோசலில் முதல் வரியாகச் சம்பளத்தைப் போடுங்கள், கூச்சப்படாதீர்கள். உங்கள் நாலு பேரின் நேரத்துக்கும் ஒரு தொகை எழுதுங்கள். ‘சேவைக்குச் சம்பளமா’ என்று முகம் சுளிப்பவர்கள் தங்கள் சம்பளத்தை ஒரு மாதம் விட்டுக்கொடுத்துப் பார்க்கட்டும்.

வெளிநாட்டு நிதியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவுக்கு டிரஸ்ட் மூன்று வருஷம் ஓடியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சமாவது பணிகளுக்குச் செலவாகியிருக்க வேண்டும். கிடைத்தாலும் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் இறங்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு வைத்திருக்கிற பெரிய நிறுவனம் அந்தப் பணத்தை உங்களுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆனால் துபாயில் இருக்கும் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் ஆகும். அத்தையிடம் வாங்கும் முன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஃபண்ட் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கமிஷன், முன்பணம் கொஞ்சம் என்று வருகிறவர்களைத் திண்ணையிலேயே அனுப்பிவிடுங்கள். டிரஸ்ட் பதிவான வாசனை இவர்களுக்கு எப்படித்தான் போகுமோ. இதோடு விருது ஆட்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். ‘மேடம், உங்கள் சேவையைப் பாராட்டிச் சேவைச் செம்மல் விருது, விழாச் செலவுக்கு ஐயாயிரம் மட்டும்’ என்று போன் வரும். இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கௌரவ டாக்டர் பட்டம், கறுப்பு அங்கியும் தொப்பியும் அவர்களே தருவார்கள். ஊரில் பாதிப் பேர் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஊசி போட ஒரு டாக்டர் இல்லை.

உங்களுக்கு இன்று தேவை மாதம் எட்டாயிரம். அதை ஊரிலேயே திரட்டலாம். உங்கள் பள்ளியில் படித்து வேலைக்குப் போனவர்கள் நாற்பது பேர் மாதம் இருநூறு கொடுத்தால் கணக்கு முடிந்தது. டிரஸ்ட் கணக்குக்கே வரட்டும். உங்களில் ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணைப் போடவே போடாதீர்கள், நாலு பேரும் எவ்வளவு நெருக்கம் என்றாலும் சரி. மாதக் கடைசியில் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து குரூப்பில் போடுங்கள். ஆட்டோ அறுபது ரூபாயும் அதில் இருக்கட்டும். மூன்று வருஷம் கழித்துக் கம்பெனிக்காரர் அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்கும்போது இந்தத் தாள்களும் ஆடிட் அறிக்கையும்தான் கைகொடுக்கும். இணையத்தில் நிதி திரட்டும் மிலாப், கெட்டோ மாதிரித் தளங்களில் மருத்துவச் செலவுக் கோரிக்கைகள்தான் அதிகம், அவற்றுக்கு நடுவில் டியூஷன் மையம் எடுபடுவது கஷ்டம்.

பயிற்சி என்றால் இரண்டு விதம். இதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு மதுரையில் தான் (DHAN) அகாடமி இருக்கிறது, முன்பு டாடா-தான் அகாடமி என்று பெயர், பட்டதாரிகளுக்கு இரண்டு வருஷ மேம்பாட்டு நிர்வாகப் படிப்பு. காந்திகிராமப் பல்கலைக்கழகத்திலும் ஊரக மேம்பாட்டுப் படிப்புகள் உண்டு. மற்ற மூன்று பேருக்கு அவ்வளவு தேவையில்லை. ஒருவர் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், பக்கத்து டவுனில் எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் சொல்லித்தருவார்கள். பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையில் கேட்டுப் பாருங்கள். ஹோட்டல் ஹாலில் சார்ட் பேப்பர் ஒட்டி நடத்துகிற ‘திறன் மேம்பாட்டு’ப் பயிலரங்குகளுக்கு நானும் போயிருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கும்.

பட்ஜெட் தாள் போட்டுவிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். காசு எதுவும் வேண்டாம், நான் புரோக்கர் இல்லை. மே மாதம் மட்டும் கேட்காதீர்கள். 31ஆம் தேதிக்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்கு ஏற்ற வேண்டும், பான் எண்ணில் ஒரு எழுத்தைத் தப்பாகக் கொடுத்தவர்களை எல்லாம் போன் போட்டுப் பிடிக்கிற மாதம் அது.