ஸ்வெட்டர் கொடுத்தால் போதுமா?

கேள்வி: கிறிஸ்துமஸ்தோறும் எங்கள் மாணவர்கள் பழைய ஸ்வெட்டர், போர்வை சேர்த்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் (வரிசை வீடுகளில்) கொடுக்கிறார்கள். நன்னெறி வகுப்பில் நீதி பற்றிப் பாடமும் உண்டு. உழைப்பு, கூலி, ஏழைகள் பற்றிய திருஅவையின் (கத்தோலிக்கச் சபையின்) சமூகப் படிப்பினை ஒரு கத்தோலிக்கப் பள்ளியிடம் இதற்குமேல் என்ன கேட்கிறது?
– ஆசிரியை ஒருவர், கோத்தகிரி

பதில்: நிறையவே கேட்கிறது. போர்வை கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். மலைக் குளிர் பொல்லாதது. ஆனால் போர்வை வாங்கும் வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளை ஏன் உங்கள் வகுப்பில் இல்லை?

1891இல் திருத்தந்தை (போப்) 13ஆம் லியோ எழுதிய 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல், அதாவது திருஅவைக்கான பொதுக்கடிதம், கூலியைப் பற்றி அழுத்தமாகப் பேசுகிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கூலியாகவே இருந்தாலும், சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதாவிட்டால் அநீதி என்கிறது. ஆகவே முதலில் பிரிக்க வேண்டியது உங்கள் பள்ளியின் சம்பளப் பதிவேடு. ஆயாம்மா, வாட்ச்மேன், வேன் ஓட்டுநர், தற்காலிக ஆசிரியை என்ன வாங்குகிறார்கள்? கையெழுத்துப் போடும் தொகையும் கையில் வரும் தொகையும் ஒன்றுதானா? பி.எஃப். பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா? 'சேவை மனப்பான்மை' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் பழக்கம் நம் நிறுவனங்களில் உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர் முதலில் மக்கள் கண்முன் நீதியாக நடக்க வேண்டும் என்று 1971இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய மாமன்றம் கேட்டது இதைத்தான்.

அடுத்தது சேர்க்கை. தனியார் பள்ளிகளில் நலிந்த குடும்பப் பிள்ளைகளுக்காக 2009 கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 விழுக்காடு இட ஒதுக்கீடு, உங்களுடையது போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கேட்காததைத் திருஅவை கேட்கிறது. ஏழைகள், குடும்ப ஆதரவு இழந்தோர், நம் விசுவாசத்தைச் சேராதோர் ஆகியோர்மீது தனி அக்கறை வேண்டும் என்கிறது உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு கல்வி அறிக்கை. எத்தனை இடம் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே நிர்வாகக் குழுவில் முடிவெடுத்து எழுதி வையுங்கள். எழுதாத இடங்கள் சிபாரிசுக் கடிதங்களுக்குப் போய்விடும்.

சேர்த்த பிறகுதான் பெரும்பாலும் கோளாறு. சலுகை பெறும் பிள்ளையின் ரசீது மட்டும் வேறு நிறம். காலைக் கூட்டத்தில் நன்கொடையாளர் முன் பெயர் வாசிப்பு. ஆறு வயதுக் குழந்தைக்கும் அது புரியும். யாருக்குச் சலுகை என்பதற்கு, மூன்று பேர் மட்டும் பார்க்கும் கோப்பு போதும். ரசீது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். மாதக் கட்டணத்துக்கு 5ஆம் தேதி கெடு வைத்துவிட்டு அபராதம் போடும் பள்ளி, தோட்டத்தில் சம்பளம் என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறதா? பெரும்பாலும் அந்தக் கெடு கழிந்த பிறகுதான். கெடுவை 15க்கு மாற்றினால் அபராதத்துக்கே வேலையில்லை. சீருடை ஸ்வெட்டரை ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். நிறத்தை மட்டும் சொன்னால் போதும். குடும்பம் திருப்பூருக்கோ கோவைக்கோ பிழைக்கப் போகும்போது, பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்காதீர்கள். அது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பாடம் என்று வந்தால், 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் பரிந்துரைத்த 'பார், சீர்தூக்கு, செயல்படு' முறையே கைகண்ட வழி. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே தொடங்கலாம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தேயிலை வாரியம் அறிவிக்கும் இந்த மாதக் கொழுந்து விலையையும் கடையில் கால் கிலோ பாக்கெட்டின் விலையையும் கரும்பலகையில் எழுதுங்கள். இடையில் உள்ள தொகையில் விறகு, மின்சாரம், ஏலம், பாக்கெட், வண்டி வாடகை எவ்வளவு, சிறு விவசாயிக்கும் பறிக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு என்று பிள்ளைகளே தேடட்டும். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டு 'சீர்தூக்கு' என்ற நடுப்படியைத் தாண்டினால் எல்லாம் ஒரு போஸ்டர் போட்டியில் முடிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: விவரம் சேர்க்கிறேன் என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி, "உங்க அம்மாவுக்கு எவ்வளவு கூலி?" என்று கேட்டுவிடாதீர்கள்.