பிள்ளைகளின் தமிழும் கைப்பேசியும்: கேள்வி பதில்

பதின்ம வயதுப் பிள்ளைகள் கைப்பேசியில் எழுதும் தமிழைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். மாலை நேரத்தில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்வியை முதலில் முடித்துவிடலாம்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா? க் போட்டால் தப்பு என்கிறாள் மகள்.

'வாழ்த்துகள்' என்றே எழுதுங்கள். 'வாழ்த்து' குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில், முடிகிற சொல். அதோடு பன்மை விகுதி சேரும்போது ஒற்று வேண்டாம். பசுக்கள், தெருக்கள், பூக்கள் ஆகியவற்றில் மிகும். இரண்டையும் ஏற்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள், அதனால் வீட்டில் சண்டை வேண்டாம். பதினைந்து வயதுப் பெண் ஒற்றைப் பற்றி அம்மாவிடம் வாதாடுகிறாள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

திருச்சி: ஒன்பதாவது படிக்கும் பையன் 'சாப்டியா', 'எங்க இருக்க' எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறான். தமிழ் மறந்துவிடுமா டீச்சர்?

மறக்காது அம்மா. இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்களும் பிள்ளைகள் இல்லை, நாம்தான். பட்டன் போன் காலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 போகும். தமிழ் என்றால் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் தனியாகக் கணக்காகும். 'வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்று தமிழில் அடித்தால் 24 இடம் போய்விடும். பல போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆங்கில எழுத்துக்குப் போனோம். காரணம் தீர்ந்தும் பழக்கம் தங்கிவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2007இல் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. தாங்கள் அனுப்பும் செய்திகளை 'எழுத்து' என்றே 60 சதவீதம் பேர் நினைக்கவில்லை. நன்றாக எழுதுவது வாழ்க்கைக்கு முக்கியம் என்று சொன்னவர்களோ 86 சதவீதம். என் வகுப்பிலும் இதையேதான் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு அது பேச்சு, விரலால் பேசுகிறார்கள், அவ்வளவுதான். பையனின் தமிழைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் கையால் எழுதிய விடுமுறை விண்ணப்பத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: அவன் அனுப்பிய செய்தியில் பிழை திருத்திப் பதில் அனுப்பாதீர்கள். அடுத்த முறை ஒரு பொம்மை முகம்தான் வரும்.

கோவை: நான் 'சரி.' என்று புள்ளி வைத்து அனுப்பினால், பிளஸ் டூ படிக்கும் மகள் 'கோபமா அப்பா?' என்கிறாள். புள்ளி வைப்பது இலக்கணம்தானே?

இலக்கணம்தான் ஐயா. ஆனால் அவள் அந்தப் புள்ளியைக் குரலாகக் கேட்கிறாள். அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதைச் சோதித்தார்கள். குறுஞ்செய்தியில் வந்த ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால், மனதார வந்த பதிலாக மாணவர்களுக்குத் தோன்றவில்லை. அதே பதில் கையால் எழுதிய சீட்டில் இருந்தபோது புள்ளியால் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு நிறுத்தக்குறியில் அக்கறை இல்லை என்று சொல்லவே முடியாது. நம்மைவிட நுணுக்கமாகப் பார்க்கிறார்கள்.

மதுரை, பிளஸ் ஒன் மாணவர்: புரிந்தால் போதாதா டீச்சர்? 'நாளைக்கு வறேன்' என்று போட்டால் யாருக்குப் புரியாது?

நண்பனுக்குப் போதும் தம்பி. புரியாவிட்டால் 'என்னடா சொல்ற?' என்று அவன் உடனே கேட்பான். திருப்பிக் கேட்க முடியாத இடம்தான் வேறு: அறிவிப்புப் பலகை, மருந்துச் சீட்டு, பத்திரம், தேர்வுத்தாள். 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறாய். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்கிறாய். நடுவில் நிற்பது ஒரு க் மட்டும். 'நடுகல்' வீரனுக்காக நட்ட கல். 'நடுக்கல்' நடுவில் இருக்கும் கல். ஒற்று பரீட்சைக்காக யாரோ கண்டுபிடித்த தொல்லை என்று நினைத்துவிடாதே.

தஞ்சாவூர்: ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. எ, ஏ இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்னோர் படிக்கவில்லையா? பிள்ளைகளிடம் மட்டும் ஏன் கறார்?

நல்ல கேள்வி ஐயா. சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது என்பது உண்மை. படித்தவர்கள் பாடலை ஆசிரியரிடம் பாடம் கேட்டு, மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஓலை நினைவுக்குத் துணை. அந்தப் பாடம் கேட்கும் வழக்கம் அறுந்த நூல்களில் என்ன ஆனது? உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்குள், பல ஏடுகளை ஒப்பிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் போராட வேண்டியிருந்தது. குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தியதும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

அவரே மீண்டும்: அப்படியானால் எழுத்து மாறலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். 1978இல் 'லை', 'ணை' எல்லாம் மாறவில்லையா?

மாறின. பெரியார் 1935இலேயே தம் 'குடி அரசு' இதழில் பயன்படுத்திய வடிவங்களைத்தான் அரசு 1978இல் ஏற்றது. மாறியது எழுத்தின் உருவம். 'மலை' என்ற சொல்லை 'மளை' என்று எழுதலாம் என்று எந்த ஆணையும் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

ஈரோடு: ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

2013இல் ஓர் எழுத்தாளர் நாளிதழில் இதையே எழுதி, பெரிய விவாதம் நடந்தது. எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் இப்போது அடிக்கும் முறையில் இரக்கமும் இறக்கமும் ஒன்று, பள்ளியும் பல்லியும் ஒன்று. அவற்றைப் பிரிக்கப் புதுக்குறிகள் வைத்தால், அதற்கும் எழுத்துப்பிழை வரும். 247 எழுத்தைக் கற்ற பிள்ளைக்கு அதைப் பறித்துக்கொண்டு இன்னொன்றைக் கற்பிப்பதில் என்ன லாபம்? எழுத்து மாற்றப் பேச்சை இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மதுரைத் தம்பி: பள்ளி, பல்லி சரி. ஆனால் கீபோர்டு தமிழாக மாற்றித் தருகிறதே?

பெரிய ஆபத்து அங்கேதான். கையால் எழுதினால் 'முயற்ச்சி' என்று பிழை வரும், பார்த்ததும் தெரிந்துவிடும். (ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் வராது: முயற்சி, காட்சி. ய், ர், ழ் பின்னால் வரும்: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை.) கைப்பேசி செய்யும் பிழை வேறு வகை. 'அறையில்' வேண்டிய இடத்தில் 'அரையில்' என்று வைக்கும். இரண்டுமே நல்ல சொல், அதனால் கண் தாண்டிப் போய்விடும். மெய்ப்புப் பார்க்கையில் இப்போது என்னை அதிகம் படுத்துவது இதுதான். முதலில் காட்டும் சொல்லைத் தொட்டுவிடாதே. ஒரு நொடி பார்.

திண்டுக்கல்: எந்த விசைப்பலகை நல்லது?

தமிழ்99. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. க என்ற விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். தமிழ் எழுத்தையே தட்டுவதால் ல, ள, ழ எது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும், அது நல்ல பயிற்சி.

யாழ்ப்பாணம்: ரீச்சர், நான் 'ரிவி' எண்டு எழுத, மகன் 'டிவி' எண்டு எழுதுறான். ஆர் பிழை?

இருவருமே இல்லை. 'ரிவி', 'மீற்றர்' உங்கள் ஊரின் நெடுநாள் வழக்கு. மகன் தமிழ்நாட்டுக் காணொளிகள் பார்க்கிறார் போலும். இரண்டு வழக்கும் தெரிந்தவராக வளரட்டும்.

விழுப்புரம்: எட்டாவது படிக்கும் மகன் எழுத்தைத் தலைகீழாக எழுதுகிறான், வரி விடுகிறான். கைப்பேசியை வாங்கிவிடலாமா?

இது என் துறை இல்லை அம்மா. கைப்பேசியைக் காரணம் சொல்லி நாள் கடத்தாதீர்கள். கற்றல் குறைபாடா என்று அரசு மருத்துவமனையில் பரிசோதனை கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. தேர்வுச் சலுகை பற்றித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

வேலூர்: ஆங்கிலப் பரீட்சையில் 'யூ'வுக்கு ஒரே எழுத்து போடுகிறாள்.

ஆங்கில ஆசிரியரைக் கேளுங்கள்.

கரூர்: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

முதல் பதிலைப் பாருங்கள்.

நாமக்கல்: குடும்பக் குழுவில் மகள் தமிழில் எழுதினால் பிழையைச் சுட்டிக்காட்டுவேன். இப்போது எழுதுவதையே நிறுத்திவிட்டாள்.

மேலே திருச்சி அம்மாவுக்குச் சொன்னதுதான். பெரியப்பா, சித்தி எல்லோரும் பார்க்கிற இடத்தில் பதினாறு வயதுப் பெண்ணைத் திருத்தினால் அவள் பிழையை விடமாட்டாள், தமிழை விட்டுவிடுவாள். இன்று இரவே அவளுக்குத் தமிழில் ஏதாவது எழுதுங்கள். பதில் எப்படி வந்தாலும் அதற்குப் பதில் சொல்லுங்கள். பிழையைப் பிறகு தனியாக, ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லலாம்.

கரூர், மறுபடியும்: 'எழுத்துக்கள்'?

'எழுத்துகள்' என்று எழுதுங்கள். அதே விதி.